வேன் வீட்டுக்கு ஈயமா, லித்தியமா? நெல்லை வெயிலில் ஒரு கணக்கு

வண்டிக்குள்ளேயே படுக்கை போட்டு, சின்ன ஃபிரிட்ஜ், மின்விசிறி, விளக்கு, தண்ணீர்ப் பம்பு எல்லாம் வைத்துக்கொண்டு குடும்பத்தோடு கிளம்பிவிடும் ஆசை இப்போது திருநெல்வேலிச் சீமையிலும் பலருக்கு வந்திருக்கிறது. பழைய டெம்போ டிராவலரையோ மாருதி ஈகோ வேனையோ வாங்கி, பாடி கட்டும் பட்டறையில் விட்டு, மர வேலையும் மெத்தை வேலையும் முடிந்த பிறகு கடைசியாக ஒரு கேள்வி வந்து நிற்கும். உள்ளே இருக்கும் சாமான்களுக்கு மின்சாரம் கொடுக்க எந்த பேட்டரி? வீட்டு இன்வெர்ட்டருக்கு வைப்பது போன்ற ஈய பேட்டரியா, விலை கூடிய லித்தியமா? (வண்டியின் அமைப்பை மாற்ற வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஒப்புதல் வேண்டும். அதை மர வேலை தொடங்கும் முன்பே விசாரித்துவிடுங்கள். அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.)

இணையத்தில் தேடினால் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி பனி விழும் நாடுகளில் எழுதப்பட்டது. லித்தியம் பேட்டரியைப் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது, அதற்குச் சூடேற்றும் பட்டை வேண்டும், குளிரில் ஈய பேட்டரியின் திறன் சுருங்கும் என்று பக்கம் பக்கமாக இருக்கும். எல்லாம் உண்மைதான். ஆனால் பாளையங்கோட்டையில் மே மாத வெயில் 38, 39 டிகிரியில் நிற்கும். சில நாள் 40ஐத் தொடும். நம் பக்கத்தில் வேன் ஏறக்கூடிய எந்த மலையிலும் லித்தியத்தைப் பாதிக்கும் குளிர் வருவதில்லை. இங்கே தேர்வை முடிவு செய்பவை இரண்டு: வெயிலில் இந்த பேட்டரிகள் எப்படி மூப்படைகின்றன என்பதும், பயணம் இல்லாத மாதங்களில் வீட்டு வாசலில் நிற்கும்போது அவற்றுக்கு என்ன ஆகிறது என்பதும்.

விளம்பரங்களில் பெரிய எழுத்தில் இருப்பது சுழற்சிக் கணக்கு, அதாவது எத்தனை முறை இறக்கி ஏற்றலாம் என்பது. நல்ல டியூபுலர் ஈய பேட்டரியை (வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கும் வகை) பாதி வரை இறக்கி ஏற்றினால் ஆயிரத்துச் சொச்சம் முறை தாங்கும் என்பார்கள். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி 2,000 முதல் 4,000 முறை வரை தாங்கும் என்பார்கள். வேன் வைத்திருக்கும் ஒரு குடும்பம் ஆண்டுக்கு 40 இரவு வெளியே தங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 3,000 சுழற்சியை 40ஆல் வகுத்தால் 75 ஆண்டு. ஈயத்துக்கே 1,200ஐ வகுத்தால் 30 ஆண்டு. எந்த பேட்டரியும் அத்தனை காலம் இருக்கப்போவதில்லை. ஆகவே, வண்டியிலேயே குடியிருப்பவர்களைத் தவிர மற்றவர்களுக்குச் சுழற்சி எண்ணிக்கை பெரிதாக எதையும் சொல்லவில்லை. மீதி 325 நாட்களை அந்த பேட்டரி எந்த நிலையில் கழிக்கிறது என்பதுதான் அதன் ஆயுள். ஈய பேட்டரிக்கு அரைவயிறு, அதாவது அரைகுறைச் சார்ஜ், ஆகாது. லித்தியத்துக்கு வெயிலில் முழுவயிறு ஆகாது. நான் சொல்ல வருவதெல்லாம் இதற்குள் அடக்கம். மற்றவை இதன் விவரங்கள்.

முதலில் தேவையைக் கணக்கிடுவோம்

பேட்டரிக் கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் வாட்-மணிக் கணக்கை எழுதுங்கள். கம்ப்ரஸர் வைத்த சின்ன 12 வோல்ட் ஃபிரிட்ஜ் ஓடும்போது சுமார் 45 வாட் இழுக்கும். குளிர்நாடுகளில் அது நாளின் மூன்றில் ஒரு பங்கு நேரம் ஓடினால் போதும்; நம் ஊர் கோடையில் பாதி நேரம் ஓடும். 45 வாட் 12 மணி நேரத்துக்கு 540 வாட்-மணி. 25 வாட் டி.சி. மின்விசிறி இரவு முழுக்க 10 மணி நேரம் ஓடினால் 250. விளக்குகள் 50, செல்போன்களும் தண்ணீர்ப் பம்பும் 60, மிக்சி ஆறு நிமிடம் ஓடினால் 50. மொத்தம் 950 வாட்-மணி. வயரிலும் இன்வெர்ட்டரிலும் போகும் இழப்பைச் சேர்த்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1,000 வாட்-மணி. இண்டக்ஷன் அடுப்பு வைத்தால் இந்தக் கணக்கு தலைகீழாக மாறிவிடும். ஏ.சி. வைத்தால் பேச்சே வேறு.

150 ஏ.எச். (ஆம்பியர்-மணி) டியூபுலர் பேட்டரியில், 12 வோல்டால் பெருக்கினால், ஏட்டுக் கணக்கில் 1,800 வாட்-மணி இருக்கிறது. அதில் பாதியை எடுத்தால்தான் பேட்டரி நீடிக்கும் என்பதால் கையில் கிடைப்பது 900. அதாவது வீட்டு இன்வெர்ட்டரில் இருப்பது போன்ற ஒரு முழு பேட்டரி, ஆசிட்டோடு ஐம்பது அறுபது கிலோ எடை, ஒரு நாளுக்குச் சற்றுக் குறைவாகத் தாங்கும். 100 ஏ.எச். லித்தியத்தில் 1,280 வாட்-மணி இருக்கிறது. 80 சதவீதத்துக்கு மேல் தயங்காமல் எடுக்கலாம். அதன் எடை பதினொன்று, பன்னிரண்டு கிலோதான். டெம்போ டிராவலருக்கு 40, 45 கிலோ வித்தியாசம் பெரிதில்லை. ஈகோவுக்கு அது ஓர் ஆளை இறக்கிவிட்டுப் போவதற்குச் சமம்.

ஈயத்துக்குள் நடப்பது

1859இல் பிரான்ஸில் காஸ்தோன் பிளான்தே செய்து காட்டிய அதே வேதியியல்தான் இன்றைய ஈய பேட்டரியிலும் இருக்கிறது. ஒரு தகட்டில் ஈயம், மறு தகட்டில் ஈய டைஆக்சைடு, நடுவே நீர்த்த கந்தக அமிலம். மின்சாரம் எடுக்க எடுக்க இரண்டு தகடுகளிலும் ஈய சல்பேட் படிகிறது. அமிலம் தண்ணீராகிக்கொண்டே போகிறது. பேட்டரிக் கடைக்காரர் அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரை மூடித் துவாரத்தில் விட்டு ரப்பர் குமிழை அழுத்தி விடும்போது கண்ணாடிக் குழாயில் ஏறும் மிதவை இதைத்தான் காட்டுகிறது. முழுச் சார்ஜில் உள்ள டியூபுலர் பேட்டரியில் மிதவை 1.240ஐ ஒட்டி நிற்கும். பாதி இறங்கியதில் அது அமிழ்ந்துவிடும். ஆறு செல்களையும் வரிசையாகப் பார்க்கும்போது ஒன்றில் மட்டும் மிதவை மற்றவற்றைவிடத் தாழ்ந்து நின்றால், அந்த ஒரு செல்தான் விரைவில் முழு பேட்டரியையும் படுக்கவைக்கப்போகிறது என்று பொருள். இப்படித் திறந்து பார்த்து நோயைச் சொல்ல முடிவது ஈய பேட்டரியின் பெரிய குணம். லித்தியத்தில் அதற்கு வழியே இல்லை.

படிந்த சல்பேட் புதிதாக இருக்கும்போது மென்மையானது. சார்ஜ் ஏறினால் கரைந்து பழைய நிலைக்குத் திரும்பிவிடும். நாட்கணக்கில் அப்படியே விட்டால் பெரிய படிகங்களாக இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் அந்தப் பகுதி கரையாது. வெப்பம் கூடினால் இறுக்கம் இன்னும் வேகமாக நடக்கும். வீட்டு இன்வெர்ட்டரில் இந்தத் தொல்லை குறைவு; மின்தடை முடிந்ததும் பேட்டரி இரவு பகலாகச் சார்ஜில் கிடக்கிறது. 2008ஐ ஒட்டித் தொடங்கிய கடும் மின்வெட்டுக் காலத்தில் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு டியூபுலர் பேட்டரி வந்ததும், அது நான்கைந்து ஆண்டு நன்றாக உழைத்ததும் இதனால்தான்.

வேனில் நிலைமை வேறு. அங்கே கூரையில் உள்ள சோலார் தகட்டை நம்பித்தான் பேட்டரி ஏறும். ஈய பேட்டரி முதல் 80 சதவீதத்தை ஓரளவு வேகமாக வாங்கிக்கொள்ளும். கடைசி 20 சதவீதத்துக்கு மின்னோட்டம் மெல்லக் குறைந்து குறைந்து நான்கு முதல் ஆறு மணி நேரம் இழுக்கும். இதை எந்தச் சார்ஜராலும் அவசரப்படுத்த முடியாது. காலை ஒன்பது மணிக்கு வெயில் தகட்டில் ஏறி, மதியம் இரண்டு மணிக்குள் 80 சதவீதம் வந்தால், மீதிக்கு வேண்டிய நேரம் மாலையில் இல்லை. அதற்குள் விளக்கு போட்டாயிற்று, விசிறி ஓடத் தொடங்கிவிட்டது. மறுநாளும் இதே கதை. நான்கு நாள் பயணம் முழுக்க அந்த பேட்டரி ஒருமுறைகூட முழுதாக ஏறுவதில்லை. ஊர் திரும்பியதும் வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறோம். முக்கால் சார்ஜில் ஒரு மாதம் வெயிலில் நிற்கிறது. நம் பக்கத்து வேன்களில் ஈய பேட்டரி இரண்டாவது ஆண்டிலேயே சோர்ந்துபோவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். குற்றம் பேட்டரி மேல் இல்லை.

இன்னொரு பொதுப் பழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் வண்டியில் பேட்டரி வைத்துப் பிழைப்பு நடத்துகிறவர்களில் மூத்தவர்கள் மைக் செட்காரர்கள். கோயில் கொடைக்கும் விளம்பர ஆட்டோவுக்கும் லாரி பேட்டரியை வைத்து ஆம்ப்ளிஃபயரை ஓட்டுவார்கள். அதைப் பார்த்து, வேனுக்கும் லாரி பேட்டரி போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. லாரி பேட்டரி எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் சில வினாடிகளுக்குப் பெரிய மின்னோட்டம் தரச் செய்யப்பட்டது. அதற்காகத் தகடுகள் மெல்லியவை, எண்ணிக்கையில் அதிகமானவை. இரவு முழுக்க மெதுவாக இழுத்து ஆழமாக இறக்கினால் தகட்டுப் பூச்சு உதிர்ந்து அடியில் சேர்ந்துவிடும். மைக் செட்காரர்கள் மறுநாள் காலையிலேயே பேட்டரியைக் கழற்றிச் சார்ஜில் போட்டுவிடுகிறார்கள் என்பதால்தான் அவர்களிடம் அது தாக்குப்பிடிக்கிறது.

டியூபுலர் வகையில் நேர்மின் தகடு குழல்களாக இருக்கும். உள்ளே உள்ள பொருள் உதிராமல் குழல்துணி பிடித்துக்கொள்ளும். ஆழமாக இறக்கி ஏற்றுவதற்கு ஏற்றது அதுதான். ஆனால் வீட்டு மூலையில் அசையாமல் நிற்பதற்காகச் செய்த உயரமான டியூபுலரை வேனில் வைத்தால் கொண்டை ஊசி வளைவில் ஆடும், மூடி வழியே ஆசிட் கசியும். குட்டை டியூபுலரைத் தேடி வாங்கி, இரும்புச் சட்டத்தில் பெல்ட் போட்டு இறுக்க வேண்டும். வண்டி ஆடுவதில் ஒரு நன்மையும் உண்டு. அசையாத பேட்டரியில் கனமான அமிலம் அடியில் தங்கிவிடும். ஓடும் வண்டியில் அது தானாகக் கலந்துவிடுகிறது.

மூடிய வகை ஈய பேட்டரிகளான எஸ்.எம்.எஃப்., ஏ.ஜி.எம். பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. குளிர்நாட்டு வேன்களில் அவை பரவலாக இருக்கின்றன. நம் வெயிலில் உள்ளிருக்கும் சிறிது ஈரமும் வற்றிவிட்டால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வழியில்லை. டியூபுலரைவிட விலை கூட, லித்தியத்தைவிட ஆயுள் குறைவு. நெல்லைக்கு இந்த மூன்றில் ஆகாதது இதுதான் என்பது என் தீர்மானமான கருத்து. யு.பி.எஸ்.ஸிலிருந்து கழற்றிய பழைய எஸ்.எம்.எஃப். மலிவாகக் கிடைக்கிறது என்றால் இன்னும் விலகி நில்லுங்கள்.

லித்தியத்தின் தன்மை

வேனுக்கு லித்தியம் என்றால் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையை மட்டும் குறிக்கிறேன். 1997இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்திலிருந்து அக்ஷய பாதி, நஞ்சுண்டசாமி, ஜான் குட்இனஃப் மூவரும் இந்தப் பொருளைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார்கள். லித்தியம்-அயன் பேட்டரிகளுக்கான உழைப்புக்காகக் குட்இனஃபுக்கு 2019இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. நம் மாநிலத்திலும் இந்தத் துறைக்கு ஒரு வீடு இருக்கிறது: அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கரில் 1953இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். ஈயம், லித்தியம் இரண்டிலும் அங்கே வேலை நடந்திருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு நாம் இதைச் சொல்லித் தருவதே இல்லை.

பாஸ்பேட் அமைப்பு ஆக்சிஜனை இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது. அதனால் செல் அளவுக்கு மீறிச் சூடானாலும் நிக்கல் கலந்த செல்களைப் போல எளிதில் தீப்பிடித்து ஓடுவதில்லை. 2022 கோடையில் மின்சார ஸ்கூட்டர்கள் எரிந்த செய்திகள் வந்தபோது எல்லா லித்தியத்தின் மேலும் பயம் வந்தது. அந்தச் சம்பவங்களுக்குப் பிறகுதான் மின்வாகன பேட்டரிகளுக்கான ஏ.ஐ.எஸ்.-156 விதிகள் கடுமையாக்கப்பட்டன. வேன் வைத்திருப்பவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: ஸ்கூட்டரிலிருந்து பிரித்த செல்களை வைத்துக் கட்டிய மலிவு பேட்டரி நிக்கல் வகையாக இருக்கலாம். பிள்ளைகள் படுத்துத் தூங்கும் கட்டிலுக்கு அடியில் அதை வைக்காதீர்கள்.

நான்கு செல்களைத் தொடராக இணைத்தால் 12.8 வோல்ட். இதன் அழகு, சுமை ஏறினாலும் வோல்ட் இறங்காததில் இருக்கிறது. பாபநாசம் பக்கம் நிறுத்தியிருந்த ஒரு வேனில் தேங்காய்ச் சட்னிக்கு மிக்சி போட்ட நேரத்தில் மல்டிமீட்டரை டெர்மினலில் பிடித்துப் பார்த்தேன். டியூபுலர் பேட்டரி, அப்போது ஏறக்குறைய பாதிச் சார்ஜ். சும்மா இருக்கும்போது 12.2. மிக்சி சுழலத் தொடங்கியதும் 11.3க்கு விழுந்து, கொஞ்சம் ஏறி 11.5இல் நின்றது. விளக்கு ஒருமுறை மங்கியது, இன்வெர்ட்டர் கீச்சிட்டது. பேட்டரி காலியாகிவிடவில்லை, பாதி இன்னும் உள்ளே இருக்கிறது. 500 வாட் மிக்சிக்கு 12 வோல்டில் ஐம்பது ஆம்பியர் வேண்டும். 150 ஏ.எச். என்று ஒட்டியிருப்பதோ ஏழரை ஆம்பியராக 20 மணி நேரம் மெதுவாக எடுத்தால் கிடைக்கும் அளவு. வேகமாக எடுக்க எடுக்கக் கொள்ளளவு சுருங்கும் என்பதை 1897லேயே ஜெர்மானியர் பியூகெர்ட் சூத்திரமாக எழுதிவிட்டார். லித்தியத்தில் இதே மிக்சிக்கு ஒரு வோல்டில் பத்தில் சில பங்குதான் அசையும். இண்டக்ஷன் அடுப்பு வேண்டும் என்பவர்களுக்கு 1,500 வாட்டுக்கு நூற்று நாற்பது ஆம்பியர் தேவைப்படும். அங்கே ஈயத்தைப் பற்றிப் பேசுவதில் பொருளே இல்லை. லித்தியத்திலும் ஒற்றை 100 ஏ.எச். போதாது.

வோல்ட் இறங்காததில் ஒரு சங்கடமும் இருக்கிறது. ஈய பேட்டரியை ஓய்வில் விட்டு அளந்தால் 12.7 முழு, 12.2 பாதி என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம். லித்தியத்தில் 13.3க்கும் 13.0க்கும் நடுவிலேயே பெரும்பகுதிச் சார்ஜ் அடங்கிவிடுகிறது. மீட்டரைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. உள்ளே போவதையும் வெளியே வருவதையும் எண்ணும் ஷன்ட் மீட்டர் ஒன்றை வைத்தால்தான் மீதி தெரியும். இல்லாவிட்டால் நள்ளிரவில் பி.எம்.எஸ். என்ற காவல் சுற்று ஒரே அடியாகத் துண்டித்துவிடும். மின்விசிறி எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நின்றுபோகும்.

வெயில் என்ன செய்கிறது

பேட்டரிகளின் அளவுகள் 25 அல்லது 27 டிகிரியை வைத்துச் சொல்லப்படுகின்றன. அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஈய பேட்டரியின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது இந்தத் துறையில் எல்லோரும் ஒப்புக்கொண்ட கணக்கு. நேர்மின் தகட்டின் சட்டம் அரிக்கப்படுவதும் தண்ணீர் ஆவியாவதும் சூட்டில் வேகமெடுக்கும். சார்ஜரின் வோல்டையும் சூட்டுக்கு ஏற்பக் குறைக்க வேண்டும். 25 டிகிரியில் 14.4 சரி என்றால் 40 டிகிரியில் 14.0, 14.1 போதும். சோலார் தகட்டுக்கும் பேட்டரிக்கும் நடுவே இருக்கும் சார்ஜ் கன்ட்ரோலரில் வெப்ப உணரி இருந்து, அதைப் பேட்டரியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்தால் இது தானாக நடக்கும். பல வேன்களில் அந்தச் சின்ன வயர் பெட்டியோடு தூக்கிப்போடப்பட்டிருக்கும்.

லித்தியத்துக்கும் வெயில் ஆகாது என்பதை விற்பவர்கள் சொல்வதில்லை. முழுச் சார்ஜோடு சூட்டில் கிடந்தால் அது உள்ளுக்குள் மெல்லத் திறனை இழந்துகொண்டே இருக்கும். பெரும்பாலான செல்களுக்குச் சார்ஜ் செய்யும்போது 45 டிகிரிக்குள் இருப்பது நல்லது. பூட்டிய வேன் அக்னி நட்சத்திர மதியத்தில் 50ஐ எளிதாகத் தாண்டும். கூரையில் சோலார் தகடு, உள்ளே முழுதாக நிரம்பிய லித்தியம், கன்ட்ரோலர் தினமும் அதை நூறு சதவீதத்திலேயே நிறுத்திவைக்கிறது. நல்லது செய்வதாக நினைத்து நாம் செய்யும் தீங்கு இது. வண்டி ஓய்வில் இருக்கும் மாதங்களில் லித்தியத்தைப் பாதிக்குச் சற்று மேலே வைத்து, எல்லா இணைப்பையும் துண்டித்து, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். பயணத்துக்கு முந்தின நாள் முழுதாக ஏற்றலாம். செல்கள் சமன்படவும் அது உதவும். ஈயத்துக்கு இதற்கு நேர் எதிர்: ஓய்விலும் வீட்டு மின்சாரத்தில் ஃப்ளோட் சார்ஜரோடு (நிரம்பிய பேட்டரியை மெல்லிய மின்னோட்டத்தில் அப்படியே வைத்திருப்பது) முழுதாகவே நிற்க வேண்டும், தண்ணீர் மட்டம் மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும்.

இரண்டுக்கும் பொதுவான விதி, பேட்டரிப் பெட்டி எஞ்சின் பக்கமோ கூரையை ஒட்டியோ இருக்கக் கூடாது என்பது. தரைத்தளத்தில், வெயில் நேரே படாத பக்கத்தில், காற்று நுழைய வழி விட்டு வையுங்கள்.

சாரலும் ஆல்டர்னேட்டரும்

திருநெல்வேலிச் சமவெளியில் சோலார் தகட்டுக்கு வெயிலில் குறையில்லை. 200 வாட் தகடு, கூரையில் படுக்கையாக இருந்தாலும் நல்ல நாளில் 700, 750 வாட்-மணி தந்துவிடும். இரண்டு தகடு போட்டால் மேலே சொன்ன நாள் தேவை தாராளமாகத் தீரும். நாம் வேனை எடுத்துக்கொண்டு கிளம்பும் காலமோ ஜூன், ஜூலை, ஆகஸ்ட். போகும் இடம் குற்றாலம். சாரலும் மேகமும் மூடிய நாளில் தகடு தருவது கால்வாசிக்கும் கீழே போய்விடும். மரத்தடியில் நிறுத்தினால் அதுவும் இல்லை. அருவிக்குப் போனவர்கள் இரண்டாம் நாளே ஃபிரிட்ஜை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பது இதனால்தான்.

அங்கே கைகொடுப்பது, எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் வண்டியின் ஆல்டர்னேட்டர். நெல்லையிலிருந்து குற்றாலம் ஏறக்குறைய 60 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். ஆல்டர்னேட்டரின் மின்சாரத்தை அளவாக பேட்டரிக்குக் கொடுக்கும் 30 ஆம்பியர் டி.சி.-டி.சி. சார்ஜர் இருந்தால் அந்த நேரத்தில் 45 ஏ.எச். ஏறும். லித்தியம் காலியாக இருந்தாலும் தொண்ணூறு சதவீதம் நிரம்பியிருந்தாலும் அதே வேகத்தில் வாங்கிக்கொள்ளும். ஈயம் நிரம்ப நிரம்பத் தயங்கும். கடைசிக் கட்டத்தில் வண்டி ஓடி என்ன, நின்று என்ன. தங்குகிற இடத்தில் தினமும் சிறிது தூரம் சுற்றுபவர்களுக்கு லித்தியத்தின் இந்த ஒரு குணமே அதன் கூடுதல் விலைக்கு ஈடு.

அதே குணம் ஆபத்தாகவும் மாறும். லித்தியத்தை டி.சி.-டி.சி. சார்ஜர் இல்லாமல் வெறும் ரிலே வைத்து நேராக ஆல்டர்னேட்டரோடு இணைத்தால், அது கிடைப்பதையெல்லாம் இழுத்து ஆல்டர்னேட்டரைக் கொதிக்கவைக்கும். நடுவில் பி.எம்.எஸ். சட்டென்று துண்டித்தால் எழும் மின்னழுத்தத்தில் ஆல்டர்னேட்டரின் டையோடு போய்விடலாம். பழைய சார்ஜ் கன்ட்ரோலரில் ஈய பேட்டரியின் செல்களைச் சமன்படுத்தக் கூடுதல் வோல்டில் ஏற்றும் ஈக்வலைசேஷன் ஓடினால் 15 வோல்டைத் தாண்டும்; லித்தியத்துக்கு 14.2 முதல் 14.4 போதும். கழற்றிய ஈய பேட்டரியின் இடத்தில் லித்தியத்தை வைத்து அதே வயரை மாட்டினால் போதும் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

விலையைப் பற்றிச் சுருக்கமாக. ஒட்டியிருக்கும் ஏ.எச். எண்ணை வைத்து ஒப்பிட்டால் லித்தியம் இரண்டு மடங்குக்கும் மேல். உண்மையில் எடுக்க முடிகிற மின்சாரத்தை வைத்து ஒப்பிட்டால் அந்த இடைவெளி பெரிதும் சுருங்கிவிடும். டி.சி.-டி.சி. சார்ஜர், ஷன்ட் மீட்டர், சரியான ஃபியூஸ் மூன்றும் சேரும்போது மறுபடி விரியும். பேட்டரி விலையை மட்டும் கேட்டுவிட்டு முடிவெடுப்பதுதான் பலருக்கு வரும் சிக்கலின் தொடக்கம்.

யாருக்கு எது

ஆண்டுக்கு மூன்று நான்கு முறை திருச்செந்தூர், உவரி, கன்னியாகுமரி என்று ஓரிரவு தங்கிவிட்டு வருபவர், வண்டியை வீட்டு மின்சாரத்துக்குப் பக்கத்தில் நிறுத்த முடிபவர், டெம்போ டிராவலர் அளவு வண்டி வைத்திருப்பவர்: இவருக்குக் குட்டை டியூபுலர் போதும். ஃப்ளோட் சார்ஜரில் கிடக்கட்டும். மிச்சமாகும் பணத்தில் இன்னொரு சோலார் தகடு வாங்கலாம். கடற்கரை உப்புக்காற்றில் டெர்மினல் பச்சை பூக்காமல் வாசலின் தடவிவையுங்கள்.

வெளி மின்சாரம் இல்லாத இடத்தில் மூன்று நான்கு இரவு தங்குபவர், ஈகோ போன்ற சிறிய வண்டிக்காரர், குற்றாலச் சாரலில் ஃபிரிட்ஜை ஓட்ட வேண்டியவர், வண்டியைத் தெருவோரத்தில் மின் இணைப்பின்றி நிறுத்துபவர்: இவர்கள் எல்லோருக்கும் லித்தியம். கடைசியில் சொன்னவருக்கு ஈயம் எந்த விலைக்குக் கிடைத்தாலும் நட்டம்தான். அரைவயிற்றில் நிற்கப்போகிற பேட்டரி அது.

படுக்கும் இடத்துக்கு அடியில் பேட்டரி வைக்க வேறு வழியில்லை என்றால் நான் யோசிக்காமல் லித்தியத்தைச் சொல்வேன். திறந்த வகை ஈய பேட்டரி சார்ஜின் கடைசிக் கட்டத்தில் ஹைட்ரஜனை விடும். காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும். டியூபுலர்தான் வைக்கிறீர்கள் என்றால், மூடிய பெட்டியின் மேற்பகுதியிலிருந்து வண்டிக்கு வெளியே போகும் குழாய் இல்லாமல் ஓர் இரவும் உள்ளே தூங்காதீர்கள். பிள்ளைகள் இருக்கும் வண்டியில் இதில் எந்தச் சமாதானமும் கூடாது. எந்த வகையானாலும், நேர்மின் டெர்மினலிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். வயர் உராய்ந்து பாடியில் பட்டால் இரண்டு பேட்டரிகளும் ஆயிரம் ஆம்பியருக்கு மேல் கொட்டும். செம்பு சிவந்து உருகச் சில வினாடிகள் போதும்.

லித்தியம் வாங்கும்போது கடையில் மூன்று கேள்வி கேளுங்கள். செல் என்ன வகை, எந்த ஆண்டில் செய்தது? பி.எம்.எஸ். தொடர்ந்து எத்தனை ஆம்பியர் தாங்கும்? எந்தச் சூட்டில் சார்ஜைத் துண்டிக்கும்? இவற்றுக்கு எழுத்தில் பதில் தராத பேட்டரியை விட்டுவிடுங்கள். 100 ஏ.எச். என்று ஒட்டியிருந்தும் ஏழு எட்டு கிலோதான் இருக்கிறது என்றால், அந்த எண்ணுக்கு ஏற்ற செல்கள் உள்ளே இல்லை. வாங்கிய வாரத்திலேயே முழுதாக ஏற்றி, தெரிந்த சுமை ஒன்றை ஓட்டி, ஷன்ட் மீட்டரில் எவ்வளவு வெளியே வருகிறது என்று பார்த்துவிடுங்கள். மாற்றிக் கேட்பதற்கு அப்போதுதான் வாய்ப்பு.

பழைய ஈய பேட்டரியைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் எடை போட்டுப் பணம் தருவார்கள். ஈயம் உருக்கப்பட்டு மறுபடி பேட்டரியாகிவிடுகிறது. லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டில் கோபால்ட்டோ நிக்கலோ இல்லாததால் பழைய சாமான் கடையில் அதற்கு மதிப்புக் குறைவு. 2022 ஆகஸ்டில் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், எல்லா வகை பேட்டரியையும் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல் வைத்திருக்கின்றன. தயாரித்தவர் யார் என்று காட்டும் பில்லையும் பேட்டரியின் வரிசை எண்ணையும் வண்டியின் ஆர்.சி.யோடு சேர்த்து வையுங்கள்.